மத்தியானம் இரண்டு பத்து

டிவியில் தெரிந்த பதிவுப் பெட்டியின் பட்டியலில் அன்றைய பாட்டுப் போட்டிக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்திருந்தது. முழுதாகப் பார்த்து முடித்தால் மட்டும் விழுகிற டிக். லோகப்பிரியா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெட்டியை அவளேதான் கட்டினாள். கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, சேனலைப் பதிவு செய்கிற டியூனர் கார்டைச் செருகி, பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டி, சத்தம் வராத ஃபேனாகப் பார்த்து மாற்றி டிவிக்குக் கீழே வைத்தாள். சிங்காநல்லூர் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவளுக்கு அது பெரிய வேலையில்லை. மத்தியானம் ஒரு மணி நிகழ்ச்சியைப் பெட்டி பிடித்து வைக்கும். சாயங்காலம் அவள் பார்ப்பாள். சூலூரில் அந்த மாடி வீட்டில் அவளும் கணவன் கிருபாசங்கரும் மட்டும்தான். பகலில் வீடு பூட்டியே கிடக்கும்.

தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்ளும் பெட்டி அது. திறந்து பார்த்தாள். இரண்டு பத்துக்கு யாரோ ஓட விட்டிருக்கிறார்கள். மூன்று பத்துக்கு முடிந்திருக்கிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

கிருபா பம்பு செட் விற்பனைக்காகத் தாராபுரம் பக்கம் வண்டியில் சுற்றுகிறவன். நினைத்தால் நடுவில் வீட்டுக்கு வந்து போகலாம். தனியாகவா? மூடிக்கிடந்த வீட்டின் வெக்கையும், கீழே விசைத்தறி ஓடும் குடோனிலிருந்து ஏறிவரும் பஞ்சு வாசமும் மூக்கில் அடைக்க, தறிகளின் சடசடப்பு தரை வழியே உள்ளங்காலில் ஓடிக்கொண்டிருக்க, அவள் குனிந்து சோபாவின் சாய்மானத்தை மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். நீளமான கூந்தல் சாய்ந்திருந்த வாசம்.

அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். டிக் விழுந்திருந்தது. அதற்கடுத்த நாள், கிளம்பும் முன்பு பெட்டிக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்டு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தாள். இரண்டு பத்துக்குப் பாஸ்வேர்டு போடப்பட்டிருந்தது. ஒரே தடவையில், தப்பில்லாமல்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். "ஏனுங்க, மத்தியானத்துல ஆரைக் கூட்டிட்டு வந்து டிவி பாக்கறீங்க?"

கிருபா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்தான். "என்ன அம்மணி இப்படிக் கேக்கற? நீதான பாக்கற?"

"நானா?"

"செவ்வாக்கெழம கேட்லாக் எடுக்க வந்தேன். நீ சோபாவுல உக்காந்திருந்த. ரெண்டு தடவ கூப்புட்டேன், திரும்பவே இல்ல. லீவு போட்டுட்டு எம்மேல கோவமா இருக்கறயாட்ட இருக்குதுன்னு போயிட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஐந்தரை வரை அவள் டெஸ்டிங் மேசையருகே நின்றிருந்தாள்.

"மொகத்தப் பாத்தீங்களா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. எம் பொண்டாட்டி முதுகு எனக்குத் தெரியாதா?"

அவன் பொய் சொல்கிறான் என்று நம்பத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு ரெண்டு மணிக்கு நானும் வாரேன். கீழயே நில்லு. சேந்து மேல போலாம்" என்றான்.

மறுநாள் பஸ் ஒண்டிப்புதூர் பாலத்தில் மாட்டிக்கொண்டது. அவள் வந்து சேர்ந்தபோது இரண்டு இருபது. படிக்கட்டுக்குக் கீழே கிருபாவின் வண்டி நின்றது. அவன் இல்லை.

வெயில் சுட்ட கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினாள். ஓங்கித் தட்டினாள். கீழே தறி. அது மட்டும்தான் கேட்டது.

வராந்தா ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

டிவி ஓடியது. சத்தமில்லாமல். சோபாவில் கிருபா. நிம்மதியாகச் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஒருத்தி.

முதுகு. பின்னல். இன்று காலை லோகப்பிரியா உடுத்திய அதே மஞ்சள் சுடிதார்.

"கீழ நிக்கறேன்னு சொல்லிப்போட்டு முன்னாலயே மேல வந்துட்டயே கண்ணு" என்று கிருபா பக்கத்திலிருந்தவளிடம் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னான். "பாரு, இங்க ஒருத்தருமில்ல. நீதான் பயந்துக்கிட்ட."

லோகப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "ஏனுங்க..."

உள்ளேயிருந்தவள் திரும்பவில்லை. லோகப்பிரியாவின் குரலில், லோகப்பிரியா பேசுகிற அதே இழுப்பில் உரக்கச் சொன்னாள்.

"ஏனுங்க, அந்த ஜன்னலச் சாத்துங்க. ஆரோ நிக்கறாங்க."

கிருபா எழுந்தான். வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆருங்க நீங்க?" என்றான், வெளியாளிடம் பேசும் மரியாதையோடு. "என்ன வேணுமுங்க?"

அவள் கம்பிக்குள் கையை நீட்டினாள். அவன் பின்வாங்கினான். அவன் தோளுக்கு மேலாக, சோபாவில் இருந்தவள் மெல்லத் திரும்புவது தெரிந்தது. லோகப்பிரியா தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

அது அவளைப் பார்த்துச் சிரித்தது. கிருபா ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டான்.