வெட்டவெளியில் ஓர் எதிரொலி

எதிரொலி வருவதற்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. சுவர் இல்லை, மரம் இல்லை, பழுதாகி நிற்கும் லாரிகூட இல்லை. மரக்காணம் உப்பளம் மேற்கே கழுவெளி ஏரித் தண்ணீரைத் தொடும்வரை பாத்தி பாத்தியாகப் படுத்துக் கிடந்தது. சாய்ந்த வெயிலில் அதன் வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. ஆனாலும் வைஜெயந்தியின் லேப்டாப் திரையில், ஸ்பீக்கர் எழுப்பிய 'டக்' என்ற சத்தத்தைக் காட்டும் உயரமான கோட்டுக்குப் பிறகு, தட்டையாக ஓடியிருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியிருந்தது. போன சத்தம் எதிலோ முட்டித் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொரு 'டக்' அனுப்பினாள். மேடு மறுபடி வந்தது. இம்முறை கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. இடப்பக்கம் என்றால் சீக்கிரம் திரும்பிவிட்டது, அதாவது கிட்டே.

உப்புக்காற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். அவளுடைய சாமான்கள் அப்படிப்பட்டவை. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டுகள், பள்ளிப் பிள்ளைகள் பழகிப் பார்க்க வாங்கும் மலிவான ரகம். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் அடைத்து, ஒரு சின்ன மைக்கும் பொருத்தி, வரப்புகளில் நிறுத்திய ஸ்பீக்கர்களின் அடியில் வைத்திருந்தாள். எந்த ஸ்பீக்கரிலிருந்து எப்போது என்ன சத்தம் வர வேண்டும் என்பதை அவள் எழுதிய புரோகிராம் வைஃபை வழியாக அவற்றுக்குச் சொல்லும். உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய நாடகம். பம்பு ஓடும் சத்தம், உப்பு வாரும் சத்தம், கூட்டம் நடந்து வரும் சத்தம் எல்லாம் பார்க்க வருகிறவர்களைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று நாடகக்குழு நடத்தும் சூர்யகலா ஆசைப்பட்டிருந்தாள்.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் லைட்டும் ஜெனரேட்டரும் பிரபாகரனுடையவை. வைஜெயந்தி அவனுடைய சவுண்ட் சர்வீசில் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவள். அதை அவன் மறக்கவில்லை. காலையிலிருந்து அவளுடைய தார்ப்பாய்க் கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

"இன்னாம்மா, உன் பொம்ம கம்ப்யூட்டரு பேசுதா?"

"டெஸ்ட் ஓடுதுங்கண்ணா."

"ஊர்க்காரங்க முன்னாடி அது படுத்துக்கட்டும். அப்புறம் இந்தப் பக்கத்துல உன்ன எவன் கூப்பிடறான்னு பாக்கறேன்."

அவள் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் கொளஞ்சி நின்றுகொண்டிருந்தார். உப்பள முதலாளியின் ஆள். இவர்கள் வரப்பை மிதித்து உடைத்துவிடாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. அவரிடம் கேட்டாள்.

"அண்ணா, மேற்கால ஷெட்டு, சுவரு மாதிரி எதுனா இருக்குதுங்களா?"

"கண்ணு தெரியல உனக்கு? தண்ணி இருக்குது, உப்பு இருக்குது. வந்தமா ஆடனமா போனமான்னு இரு."

மறுபடி ஒரு சத்தம் அனுப்பினாள். மேடு கிட்டே. இன்னொன்று. இன்னும் கிட்டே. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, காற்று தார்ப்பாயைப் படபடக்க வைப்பதைக் கேட்டபடி ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்று அனுப்பினாள். கடைசியாக நின்ற இடத்திலிருந்து ஓர் அடிதான் முன்னால் வந்திருந்தது. சத்தம் போட்டால் வருகிறது, போடாவிட்டால் நிற்கிறது. அந்த நேரத்தில் மேற்குக் கோடியில் இருந்த டப்பாவின் மைக் கோடு திரையில் தட்டையானது. போர்டு உயிரோடுதான் இருந்தது, கேட்டதற்குப் பதில் அனுப்பியது. ஆனால் அதன் மைக்கில் காற்றுச் சத்தம்கூட இல்லை.

போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்தாள்.

வெயில் இறங்கி, பாத்தித் தண்ணீர் செம்பு நிறமாகியிருந்தது. ஊறிய சேற்றின் நாற்றமும் செத்த மீனின் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறின; ஓரத்தில் சிந்திக்கிடந்த உப்பு ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் கீழே நறநறவென்று நொறுங்க, பின்னால் ஜெனரேட்டரின் உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, ஈசிஆர் சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வர, அவள் கோடி டப்பாவை நோக்கி நடந்தாள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தது. சாயவில்லை. ஒயர் அறுபடவில்லை.

நறநற. நறநற. நற.

அடுத்த அடிக்குச் சத்தம் இல்லை.

குனிந்து பார்த்தாள். காலடியில் உப்பு நொறுங்கித்தான் இருந்தது. காலை அழுத்தித் திருகினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் இல்லை. காற்று முகத்தில் அடித்தது, அதற்கும் சத்தம் இல்லை. எச்சில் விழுங்கினாள், தொண்டை அசைந்தது, அவ்வளவுதான். எதிர்ப் பாத்தியிலிருந்து பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டு கிளம்பி அவள் தலைக்கு மேலே போனது. அத்தனை இறக்கைகள். ஒரு சத்தமும் இல்லை.

ஓர் அடி பின்னால் வைத்தாள். ஜெனரேட்டரும் காற்றும் பஸ்ஸும் அவளுடைய மூச்சும் ஒரே அடியாகக் காதில் விழுந்தன.

அந்த இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கையை நீட்டினாள். வெறும் காற்று. நீட்டிய விரல்களைச் சொடுக்கினாள். கேட்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் சொடுக்கினாள். கேட்டது, கேட்ட கையோடு, முகத்துக்கு நேரே யாரோ திருப்பிச் சொடுக்கியது மாதிரி எதிரொலியும் கேட்டது. பிறகு, அவள் நகராமலேயே, எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அது அவளைக் கடந்துவிட்டிருந்தது.

ஓடினாள். சத்தத்துக்குள் வந்து விழும்வரை ஓடினாள்.

கொட்டகையில் முதல் வேலையாகத் தன்னுடைய போர்டுகள் அனுப்பும் சத்தம் அத்தனையையும் நிறுத்தினாள். துளிச் சத்தம் கேட்டால் போதும், அது வந்துவிடும். மேடைக்குப் போய்ப் பிரபாகரனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, சத்தம் வேணாம். இன்னிக்கு ஷோ வேணாம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க."

"இன்னா ஆச்சு?"

"அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு வருது. சத்தத்துக்கு வருது."

அவன் சட்டைக் கையை உதறி விடுவித்துக்கொண்டான். பிறகு மேடையில் நடிகர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த சூர்யகலாவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மேடம், பாத்தீங்களா? பொம்ம படுத்துக்கிச்சு. இப்ப பேய்க்கத சொல்லுது இந்தப் பொண்ணு."

சூர்யகலாவின் முகம் சுருங்கியது. "வைஜெயந்தி, ஜனம் வர ஆரம்பிச்சாச்சு. இப்ப வந்து சொல்றியா?"

"சத்தியமா சொல்றேங்க, நீங்களே வந்து பாருங்க."

"முடியலன்னா முடியலன்னு சொல்லு. பிரபாகர், உங்க மெஷின்லயே ஓட்டிடுங்க."

வைஜெயந்தி ஜெனரேட்டரை நிறுத்த ஓடினாள். பிரபாகரன் எட்டிப் பிடித்து அவளைத் தள்ளினான். முழங்கை உப்பில் தேய்ந்து தோல் உரிந்து எரிந்தது. "கிட்ட வந்த, கைய ஒடிச்சிடுவேன்," என்றான், சிரித்துக்கொண்டேதான். தன் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஜனத்தைக் கூப்பிடப் பறை அடிக்கும் பாட்டு ஒன்றை முழு வால்யூமில் போட்டான். அடி விழ விழப் பாத்தித் தண்ணீரில் சுருக்கம் ஓடியது.

கொட்டகைக்குத் திரும்பி, சத்தம் எழுப்பாமல் மைக் மட்டும் கேட்கும்படி போர்டுகளை ஏவினாள். கோடி டப்பா தட்டை. அதற்கு அடுத்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தட்டை. அடுத்தது. பறை அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக. மைக்தான் செத்ததோ என்ற கடைசி நம்பிக்கையில், தடித்த ஹெட்ஃபோனை எடுத்துக் காதை இறுக மூடி மாட்டிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்து டப்பாவைக் கேட்டாள். பறை. ஜனத்தின் இரைச்சல். பிள்ளைகளின் கூச்சல். பறை.

ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள்.

இருட்டியிருந்தது. மேடை லைட் எரிந்தது. அனுமந்தைப் பக்கத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தன. பிரபாகரன் மைக்கைத் தட்டினான். வாயருகே வைத்துப் பேசினான். மறுபடி தட்டினான். சூர்யகலா அவனைப் பார்த்துக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை முகம் சிவக்க அழுதது. அதன் தாய் அதை மடியில் வைத்துக்கொண்டே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, சிலர் கை தட்டினார்கள். தட்டிய கையை நிறுத்தினார்கள். மறுபடி மெதுவாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

திரையில் கோடி டப்பாவின் கோடு அசைந்தது.

எழுந்தது. தாழ்ந்தது. இடைவெளி விட்டது. எழுந்தது. ஒருவர் பேசும்போது அசைவதுபோல.

கூட்டம் மொத்தமும் மேற்கே திரும்பியது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதுபோல. கைக்குழந்தையும் திரும்பியது, அதன் அழுகை நின்றிருந்தது. பிரபாகரன் மைக்கைக் கீழே போட்டான். கொளஞ்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி, கவனமாகக் கேட்கும் முகம். சொன்னது புரிந்தவர்கள்போல் தலையசைத்தார்கள். சேர்ந்து அசைத்தார்கள்.

வைஜெயந்திக்கு எதுவும் கேட்கவில்லை. காதுகளை ஹெட்ஃபோன் இறுக்கிக்கொண்டிருந்தது. கை தானாக அதை இன்னும் அழுத்தியது.

கோடு நின்றது.

பிரபாகரன்தான் முதலில் அவள் பக்கம் திரும்பினான். பிறகு சூர்யகலா. பிறகு கொளஞ்சி. பிறகு வரிசை வரிசையாக, தாய்மார்கள், கிழவர்கள், பிள்ளைகள். யாரும் கிட்டே வரவில்லை. யாரும் கோபமாக இல்லை. அன்பாகச் சிரித்தார்கள்.

இரண்டு கைகளையும் தங்கள் காதருகே கொண்டுபோய், எதையோ பிடித்துக் கழற்றுவதுபோல் செய்து காட்டினார்கள். மறுபடி செய்து காட்டினார்கள். அத்தனை பேரும். தாயின் மடியில் அந்தக் குழந்தையும்.