மூணாவது ஆள்

மதியம் ரெண்டு மணிக்குக் கணினி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு இருந்தது மதிப்பெண் பயம் மட்டும்தான். மாடிக் கோடியில் இருந்த பழைய அறை அது. ஏசியிலிருந்து ஈரத்துணி வாடை வந்தது. மூலையில் ஒரு டியூப்லைட் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

பாடத்துக்காக அவள் செய்த மொபைல் செயலிக்கு 'வந்தாச்சு' என்று பெயர். வீட்டுக்கு வந்தவர் பொத்தானை அமுக்கினால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று குடும்பத்துக்கே தெரியும். அம்மாவை நினைத்துத்தான் செய்தாள். அப்பா போன பிறகு வீட்டில் ரெண்டே பேர். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அம்மா ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள், தூக்கிவிட ஆளில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் கல்லூரியில் இவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் படித்தாள்.

சோதித்துப் பார்க்க மூன்று பேராவது வேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவாள்? சோம்பேறித்தனம், வேறென்ன! தன் பதிவையே நகலெடுத்து ஒட்டி, பெயரை மட்டும் 'மூணாவது ஆள்' என்று மாற்றினாள். பிறந்த தேதி, புகைப்படம், உறவு என்ற இடத்தில் இருந்த 'மகள்', எல்லாவற்றையும் மாற்ற மறந்தே போனாள்.

சார் வரும்வரை சும்மா செயலியைத் திறந்து பார்த்தாள்.

வீட்டில் இருப்பவர்கள்: அம்மா, மூணாவது ஆள்.

தூக்கத்தில் நீயே அமுக்கியிருப்பாய் என்று பக்கத்து சீட் தோழி கேலி செய்தாள். இவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பதிவை அழித்தாள்.

அது திரும்ப வந்தது.

மறுபடி அழித்தாள். விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அம்மா எடுத்தாள். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி விளையாட்டு இது? பக்கத்துல உக்காந்து தைச்சுக்கிட்டே போன் பண்ற?"

"அம்மா... நான் காலேஜ்ல இருக்கேன்."

மெஷின் நின்றது.

அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மெல்ல, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல், "அப்ப இது யாருடி?" என்றாள்.

வெளியே ஓடும்மா என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. அப்புறம் எத்தனை தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

பையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினாள். சிக்னலுக்குச் சிக்னல் அது ஆடி அசைந்து நின்றது. இறங்கி ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அந்த அக்காவோ, நல்ல கூத்தாக இருக்கிறதே, நீயும் அம்மாவும் பால்கனியில் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். இவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஒன்றரை மணி நேரமும் கையிலிருந்த திரையை வெறித்தபடியே வந்தாள். அதில் ரெண்டு பெயர்களும் அசையாமல் இருந்தன.

தெருவுக்குள் வந்தபோது நல்ல வெயில். ஓடிப் போய்க் கதவைத் தட்டினாள்.

அம்மாதான் திறந்தாள். ஒரு காயமில்லை, முகத்தில் ஒரு கலக்கமில்லை. தெய்வமே என்று இவள் கட்டிக்கொள்ளப் போனாள். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"யாரும்மா நீங்க? யாரு வேணும்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். இவள் சொந்தப் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், அம்மாவின் கையைப் பிடித்து அழுதாள். அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பார்வையில் இரக்கம் இருந்தது, அடையாளம் கண்டுகொண்ட சாயல் மட்டும் இல்லை.

உள்ளே அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"யாரும்மா அது?" என்று கேட்டது இவளுடைய குரல்.

"தெரியலடா கண்ணு. யாரு பெத்த பொண்ணோ, பாவம், வீடு மாறி வந்துட்டா."

அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.