அச்ச ரேகை

“எந்த வரியில ஒனக்குப் பயம் வந்துச்சு?”

வாசிப்புக் கூடத்தில் சேர்ந்த முதல் நாள் ஜெனோவா அக்கா கேட்ட கேள்வி அது. அமலி வாய் திறக்காமல் கையிலிருந்த திரைப்பலகையில் விரலை வைத்துக் காட்டினாள். ஒன்பதாவது வரி. கூடத்தின் பொறுப்பாளரான அக்கா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அங்க ஒண்ணுமே நடக்கலயேட்டி. அந்த ஆளு சும்மால்லா பேசிக்கிட்டு இருக்கான்.”

அது சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. மற்ற எல்லோரும் நாற்பத்தொன்றாவது வரியில் விரல் வைத்திருந்தார்கள். அங்கேதான் அவன் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்கிறான். ஒன்பதாவது வரியில் அவன் சொன்னது இவ்வளவுதான்: “உன் மணிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நாலே கால் ஆச்சுன்னு தெரியும்.”

எல்லோருடைய விரல்களையும் கணக்கெடுக்கும் இயந்திரம் அமலியின் விரலை ‘விலகல்’ என்று எழுதித் தள்ளிவிட்டது.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், பழைய ஐஸ் தொழிற்சாலையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பதினான்கிலிருந்து பதினேழு வயது வரையிலான பன்னிரண்டு பேர் அங்கே உட்கார்ந்து சிறுகதைகள் படித்தார்கள். வளரும் பிள்ளையை ஒரு பெரிய ஆள் மெல்ல மெல்ல வளைத்துப் பிடிக்கிற கதைகள். நூறு ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்தவை. படிக்கும்போது எந்த வரியில் மனம் திடுக்கிடுகிறதோ, அங்கே விரல் வைக்க வேண்டும். அதற்கு அச்ச ரேகை என்று பெயர். பெரும்பாலோரின் ரேகை எங்கே விழுகிறதோ, அதுதான் துணைக்காதுக்குப் பாடம்.

துணைக்காது என்பது பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரும் காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டிய பொட்டளவு கருவி. யார் பேசினாலும் அது கேட்கும். பேச்சு சரியென்றால் பச்சையாக இருக்கும். சந்தேகமென்றால் மஞ்சள். சிவப்பானால் வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்விடும். அது வந்த பிறகு கடத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. கூடவே இன்னொரு வழக்கமும் வந்து சேர்ந்தது. பச்சையாகவே இருந்த பேச்சுக்கு யாரும் புகார் எடுப்பதில்லை. காது சொல்லவில்லை என்றால் நடக்கவில்லை என்று பொருள்.

விடைகளையெல்லாம் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று பள்ளிகள் மாறியபோது, பேசக் கூசிய அமலி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இப்போது வயது பதினாறு. அவள் பேசாததையெல்லாம் நோட்டில் எழுதினாள். வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஏழு நோட்டுகள் இருந்தன. ‘கெட்டவன் கதைக்குள் வரும்போது நல்ல வார்த்தையோடுதான் வருகிறான். விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்கிறான். அவளுக்கே தெரியாத அவள் பெருமையை அவன் கண்டுபிடித்துச் சொல்கிறான். அவளுடைய நேரங்கள் அவனுக்கு மனப்பாடம்.’ இப்படிப் பக்கம் பக்கமாக. ஏன் எல்லோருக்கும் நாற்பத்தொன்றாவது வரி வரை ஆகிறது என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

கூடத்தில் அவளோடு ஒட்டிக்கொண்ட ஒரே ஆள் பவுலின். பதினைந்து வயது. யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். அந்த மாதம் அவள் பேசிக் காட்டியதெல்லாம் நிரஞ்சன் சாருடைய குரலைத்தான்.

நிரஞ்சன் தலைமையகத்திலிருந்து வந்திருந்த தரச் சோதகர். நாற்பது வயதிருக்கும். எல்லாக் கூடங்களின் அச்ச ரேகைகளும் அவர் கணினியில் இருந்தன. எந்தச் சொல்லுக்குக் காது மஞ்சளாகும், எந்தச் சொல்லுக்கு ஆகாது என்பது அவருக்கு அத்துப்படி.

“ஏட்டி அமலி, அடுத்த வருசம் வாற துணைக்காதுல ஒரு பிள்ளைக் குரல்தான் எச்சரிக்கப் போகுதாம்,” என்றாள் பவுலின், டீ இடைவேளையில். கழுத்தில் புது ஹெட்போன் தொங்கியது. “அதுக்கு என் குரலச் சொல்லுதாரு. சனிக்கிழமை மதுரைல குரல் வார்ப்பகத்துல பதிவு பண்ணப் போறோம். அவரு வண்டியில.”

“இது?”

“குடுக்கலட்டி. ‘வச்சிரும்மா, அப்புறமா வாங்கிக்கிறேன்’னாரு.” பவுலின் குரலைத் தாழ்த்தி அவராகவே மாறினாள். “‘ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லணும்னா தாராளமா சொல்லு. சொல்றப்ப அவங்க முகம் எப்படி மாறுதுன்னு மட்டும் பார்த்துக்கோ.’ இப்ப ஒன் முகம் மாறுதுல்லா?”

“அம்மா?”

“‘அம்மாவையும் கூட்டிட்டு வாம்மா. ஆனா அவங்களுக்குச் சனிக்கிழமை காலை ஷிப்ட் இல்ல? பாவம், அலைய விடுவானேன்’னாரு. அம்மாவும் சரின்னுட்டா.”

அமலி டீயைக் கீழே வைத்தாள். “ஷிப்ட நீ சொன்னியா?”

“சொல்லிருப்பேன்.” பவுலின் யோசித்தாள். “சொல்லலயோ. இப்ப என்ன அதுக்கு? காது பச்சையாத்தான இருக்கு. நீ எல்லாத்துலயும் ஒம்பதாவது வரியிலயே பயந்துருவ.”

அன்று மாலை வீட்டில் அமலி எட்டாவது நோட்டைத் திறந்து, பவுலின் பேசிக் காட்டிய வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எண் போட்டாள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் சிவப்பு. அவர் ‘தாராளமா சொல்லு’ என்கிறார். ‘தனியாக வா’ என்றால் சிவப்பு. அவர் ‘அம்மாவையும் கூட்டிட்டு வா’ என்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் அச்ச ரேகைக்கு ஒரு வரி முன்னால் வந்து நின்றுகொண்டது. காவல் நிலையத்துக்குப் போனால் பச்சைப் பதிவைப் போட்டுக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பவுலினிடம் சொன்னால் பொறாமை என்பாள். அதையும் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

இன்னொன்றையும் அவள் அப்போது கவனித்தாள். தாளில் எழுதி எண் போட்டதும் அந்த வாக்கியங்கள் வேறு மாதிரி ஒலித்தன. கதையில் யாரும் சும்மா பேசுவதில்லை. சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் படிக்கிறோம். நேரில் கேட்கும்போது, நல்ல மனிதர், சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடுகிறோம்.

இயந்திரத்தால் படிக்க முடியாத, செல்லரித்த பத்திரிகைகளைத் தட்டச்சு செய்து பலகைகளில் ஏற்றுவதும் அமலியின் வேலை. வெள்ளிக்கிழமை காலை ஒரு கதை கூடுதலாக ஏறியது. பெண்ணுக்குப் பெயர் மாற்றியிருந்தாள். அந்த ஆளின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஜெனோவா அக்கா அதைத் திறந்து பார்த்தாள். “எந்தப் பத்திரிகட்டி இது? பேரக் காணோம்.”

“கிழிஞ்சிருந்துச்சுக்கா.”

“முடிவும் இல்லயே. சனிக்கிழமன்னு சொல்லிட்டு அப்படியே நிக்கு.”

“முடிவு இனிமத்தான்க்கா.”

அக்கா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கதையை எல்லாப் பலகைகளுக்கும் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

தட்டச்சு செய்தவள் ரேகை வைக்கக் கூடாது என்பது விதி. மீதிப் பதினொரு பேர் படித்தார்கள். நிரஞ்சன் மூலை மேசையில் சுவர்த்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ரேகைகள் திரையின் அடிப்பக்கத்தில்தான் சிதறி விழும். அன்று முதல் ரேகை ஆறாவது வரியில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. பத்து ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதே வரியில், அம்மாவின் காலை ஷிப்டில், விழுந்து தடித்தன.

“இவன் லேசுப்பட்ட ஆள் இல்லல,” என்றான் முன் வரிசையிலிருந்த ஒருவன், பக்கத்தில் இருந்தவனிடம்.

பதினோராவது ரேகை வரவில்லை. பவுலின் கடைசி வரி வரை போய்விட்டு மறுபடி மேலே வந்துகொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எந்தக் குரலில் படிக்கிறாள் என்று அமலிக்குத் தெரிந்தது. அவள் விரல் ஆறாவது வரியைத் தாண்டி, ஐந்து, நான்கு என்று ஏறி, முதல் வரியில் போய் நின்றது. ‘இவ்வளவு நல்ல குரலை இங்க யாருமே கவனிக்கலையாம்மா?’

அவள் எழுந்தாள். கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போய், அவர் முன்னால் வைத்தாள்.

“சார்,” என்றாள். முதல்முறையாக யாருடைய குரலிலும் இல்லாமல் அவள் குரலிலேயே பேசினாள். “நீங்க எந்த வரியில வச்சிருப்பீங்க?”

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் திரையைப் பார்த்தார். பிறகு வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்து, அதுவரை ஒருநாளும் கவனித்திராத அமலியின் முகத்தில் நின்றார். அமலி குனியவில்லை. கைகள் மட்டும் மேசைக்கடியில் நோட்டை இறுகப் பிடித்திருந்தன.

திருச்சியிலும் நெல்லையிலும் இதேபோல் கூடங்கள் இருந்தன. அங்கேயும் அவருக்கு மேசை உண்டு. இங்கே நடந்ததை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வழியில்லை என்பது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

அவர் கணினியை மூடிப் பையில் வைத்தார். ஹெட்போனை எடுத்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். படியிறங்கிப் போனார். பன்னிரண்டு காதுகளின் பின்னாலும் விளக்கு பச்சையாகவே எரிந்தது.