மங்கலாக விழுந்த சிவப்பு

மாலை மணி 4:50. கோப்பையைக் காணவில்லை.

டாலிமோர் ஊரின் கோடைக் கண்காட்சியில் சிறந்த பழக் கேக்குக்குக் கொடுக்கிற வெள்ளிக் கோப்பை அது. தொண்ணூறு வருடமாக ஜெயித்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறித்திருக்கும். ஐந்து மணிக்குப் பரிசளிப்பு. ஊர்க் கூடத்தில் மேசை இருந்தது. கோப்பை நின்ற இடத்தில் வெள்ளை விரிப்பு வட்டமாக அமுங்கியும் இருந்தது. கோப்பை மட்டும் இல்லை.

"விளையாட்டுன்னா போதும், கொண்டுவந்து வெச்சிருங்க!" என்று கமிட்டித் தலைவர் டெஸ் மைக்கில் கத்தினார். யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

ரோவீனாவுக்கு உடனே தன் கேமரா நினைவு வந்தது. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் அன்று பகலெல்லாம் அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, ஊரார் கூட்டிவந்த நாய்களையும் பூனைகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் பிறந்த நாளுக்குக் கணவன் கிரான்ட் வாங்கித் தந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். விலை குறைவு, எடை அதைவிடக் குறைவு. வெளிச்சம் நுழைகிற துளையை, அதாவது அப்பர்ச்சரை, 1.8 வரை முழுசாகத் திறந்துவிட்டால், குவித்த இடம் மட்டும் பளிச்சென்று தெளிந்து, பின்னால் இருக்கிற உலகம் முழுக்கக் கரைந்துபோகும். அந்தக் கரைசலில் அவளுக்கு அப்படியொரு மயக்கம். மாற்றி எடுப்பதே இல்லை. "என்னை எடுத்தா மூக்கு இருக்கும், காது இருக்காது" என்று கிரான்ட் சிரிப்பான்.

பளபளக்கிற பொருள் மட்டும் அப்படிக் கரையாது. பெரிய வெளிச்சப் பந்தாக உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்தப் பக்கம் போனவர்களையெல்லாம் அன்று ஏவிக்கொண்டிருந்தாள். வாளியை நகர்த்துங்க, பலூனை அவிழ்த்துடுங்க, பாய்லரை அந்தப் பக்கம் திருப்புங்க.

படப் போட்டிக்காகக் கூடத்தில் கட்டியிருந்த திரையில் மூன்று படங்களைப் போட்டாள். மூன்றிலும் டெஸ் வளர்க்கும் டிங்கர் என்கிற கறுப்பு நாய். அதை உட்காரச் சொல்லிவிட்டு அவர் மரம் வெட்டும் போட்டிக்கு நடுவராகப் போயிருந்த நேரத்தில் எடுத்தவை.

2:10. டிங்கரின் காதுக்குப் பின்னால், மேசை இருக்கும் இடத்தில், ஒரு வெளிச்சப் பந்து.

2:12. பந்தை ஒட்டி ஒரு சிவப்புத் தீற்றல்.

2:13. பந்தும் இல்லை, சிவப்பும் இல்லை.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"சிவப்பு யாரு போட்டிருந்தா?" டெஸ் கேட்டார்.

"செரேயானா" என்றாள் ரோவீனா. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

செரேயானா ஃபிஜிக்காரி. வேலை விசாவில் வந்து இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து சிவப்புப் பூப்போட்ட உடுப்போடு டீ மேசையில் உதவிவிட்டு, இரண்டரைக்கு இல்லத்துக்கு ஓடினாள். அங்கே ரோவீனாவின் அப்பாவுக்கும் தினம் சாப்பாடு ஊட்டுவது அவள்தான். அந்த நினைப்பு ரோவீனாவை ஒரு நொடி குத்தியது. ஆனால் கூடம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. 5:05-க்கு அந்தப் படத்தை ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள். கீழே ஒரு வரி: 'மணி 2:12. சிவப்பு உடை. யார் என்று நீங்களே பாருங்கள்.'

5:40-க்கு சார்ஜென்ட் பாஸ்கோ வந்தாள். ஊருக்கு ஒரே போலீஸ். கார்கள் நிறுத்துமிடத்துச் சண்டையைப் பிரித்துவிட்டுத் தொப்பியால் விசிறிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அதற்குள் படத்துக்குக் கீழே அறுபது பேர் எழுதியிருந்தார்கள். 'நல்லவ மாதிரி இருந்தாளே', 'விசாவைப் பிடுங்கி அனுப்புங்க.'

"இல்லத்துக்கு போன் போடுங்க சார்ஜென்ட்" என்றார் டெஸ்.

"போட்டா?"

"கேக்கலாமே."

"போலீஸ் போன் வந்துச்சுன்னா அவ மேனேஜர் நாளைக்கே வேற ஆளைத் தேடுவாரு. வேலை போனா விசா போகும். அப்புறம் உங்க கோப்பை கிடைச்சு என்ன, கிடைக்காம என்ன? அவளுக்கு இதெல்லாம் எப்போ தெரியவரும்?"

"வேலை நேரத்துல அவ போன் லாக்கர்ல இருக்கும்" என்றாள் ரோவீனா. "ஏழரைக்கு இடைவேளை."

"நேரம் இருக்கு. டெஸ், எங்கெல்லாம் தேடினீங்க?"

"மேடைக்குக் கீழ, குப்பைத் தொட்டி, வாசல்ல நின்ன கார் எல்லாம்."

"சமையலறை?"

"அங்க என்ன இருக்கு? கப்பும் சாசரும்."

சார்ஜென்ட் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குக் கேமரா தெரியாது ரோவீனா. இந்த 2:12 படத்துல எது தெளிவா இருக்கு?"

"எதுவும்... டிங்கரோட கண்ணு மட்டும். அதோட மூக்குகூட மங்கல்தான். கண்ணுலதான் குவிச்சேன்."

"தெளிவா இருக்கிறதை விட்டுட்டு எல்லாரும் ஏன் மங்கலையே பாத்துட்டிருக்கீங்க? அந்தக் கண்ணைப் பெரிசாக்குங்க."

"என் நாய் திருடலம்மா" என்றார் டெஸ். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ரோவீனா பெரிதாக்கினாள். திரை முழுவதும் ஈரமான கறுப்பு விழி. அதற்குள் சின்னதாக, வெள்ளையாக, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் கருநிழலாக ஓர் உருவம். ஒரு கையால் கேமராவை முகத்தோடு பிடித்திருந்தது.

இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் விரிந்து, எதையோ ஒதுக்கச் சொல்வது போல.

சிரிப்பு அடங்கியது.

"லென்ஸ் எடையே இல்லாததுன்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே" என்றாள் சார்ஜென்ட். "ஒரு கையால எடுக்கலாம்னு. அந்த இன்னொரு கை என்ன பண்ணுது?"

ரோவீனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "தெரியல... யாரையோ எதையோ எடுக்கச் சொல்லியிருப்பேன். நாள் பூரா அதைத்தான் சொன்னேன்."

"எதை எடுக்கச் சொன்னீங்க?"

"டிங்கர் காதுக்குப் பின்னால ஒரு வெளிச்சம்... படத்தைக் கெடுத்துட்டு..."

"அதுதான் கோப்பை. உங்க கண்ணுக்கு அது கோப்பையா தெரியவே இல்ல. உங்க லென்ஸ்ல வெறும் பந்து. திருடுறவ போட்டோக்காரி முன்னாடி நின்னு எடுப்பாளா? அந்தப் பொண்ணு எடுத்தது உண்மை. எடுக்கச் சொன்னது நீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"சரி, எங்க வெச்சா?" டெஸ்ஸின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"டீ மேசைப் பொம்பளைங்க பத்திரமா வைக்கணும்னா எங்க வைப்பாங்க?"

ரோவீனாவுக்குத் தெரியும். கூடத்தில் பாத்திரம் கழுவிய எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சமையலறையின் பழைய கேக் அடுப்பு ஆறு வருடமாகச் சூடாவதில்லை. துடைக்கிற துணிகளை அதற்குள்தான் அடுக்குவார்கள். டெஸ் தலைவராகிப் பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த அறைக்குள் கால் வைத்தார். அடுப்பின் கதவைத் திறந்தார். இரண்டு துணிகளுக்குள் பிள்ளையைச் சுற்றியது போலக் கோப்பை படுத்திருந்தது.

6:35. ரோவீனா பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'திருட்டு இல்லை. கோப்பையை எடுக்கச் சொன்னது நான். செரேயானாவின் பெயரைச் சொன்னதும் நான்.' எழுதிவிட்டு விரலை வெகுநேரம் அழுத்தாமலே வைத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"நான் வேணா கூட வரட்டுமா?" என்றாள் சார்ஜென்ட்.

"வேண்டாம். நானே போகணும்."

7:10. வெயில் இன்னும் இறங்கவில்லை. இல்லத்தின் ஜன்னலோரம் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். செரேயானா அவர் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீருடைக் கழுத்துக்குள்ளிருந்து சிவப்புப் பூ ஒன்று எட்டிப் பார்த்தது.

"வாங்க அக்கா! பாருங்க தாத்தா, யாரு வந்திருக்கா!" அவள் முகம் மலர்ந்தது. "டிங்கர் படம் நல்லா வந்துச்சா? அந்த வெளிச்சம் போச்சா?"

ரோவீனா தலையை மட்டும் அசைத்தாள்.

"கோப்பையில கீறல் விழக்கூடாதுன்னு துணி சுத்திப் பழைய அடுப்புல வெச்சேன். டெஸ்கிட்ட சொல்லிடுங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே. சரின்னீங்க. சொல்லிட்டீங்கல்ல?"

சரி என்றிருக்கிறாள். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லல" என்றாள் ரோவீனா. "நான் வேற ஒண்ணு சொல்லிட்டேன் செரேயானா. ஊர் முன்னால. நீ திருடிட்டன்னு."

சீப்பு நின்றது. செரேயானா அவளை வெகுநேரம் பார்த்தாள். ரோவீனா அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். இந்த முறை முகத்துக்கு முன்னால் பிடிக்கக் கேமரா இல்லை.

பிறகு செரேயானா மிச்சமிருந்த முடியையும் ஒழுங்காகச் சீவி முடித்தாள். சீப்பை அலமாரியில் வைத்தாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உங்க அப்பா கேட்டுட்டிருக்காரு" என்றாள் மெல்ல. "வெளிய வந்து சொல்லுங்க."