ஏழாம் நாளில் எழுதிய தீர்ப்பு

மெற்றில்டா அழவில்லை. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பலசரக்குக் கடைக்கு மேலிருந்த துப்பறிவாளர் யோகேஸ்வரனின் அலுவலகத்தில் அமர்ந்து, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

"யூத நூலகம் ஒண்டிலை பழைய ஏடுகளைச் செப்பனிடுறன் அண்ணை. பதினொரு வருசம். சனிக்கிழமை மட்டும் பூட்டு. போன மாதம் பிராங்க்ளின் எண்ட வியாபாரி ஒரு தோல் ஏடு வித்தவர். எழுநூறு வருசத்துக்கு முந்தி ஒரு ரபி, அதுதான் யூத மதகுரு, கைப்பட எழுதின தீர்ப்பாம். இப்ப சோதிச்சால் மை புதுசு. தான் தந்தது அசல், நான்தான் மாத்திப்போட்டன் எண்டுறார். நாளைக்கு நூலகத்துக்காரர் பொலிசிட்டைப் போகினம்."

"நீங்கள் மாத்தேல்லை எண்டு சொன்னீங்களோ?" யோகேஸ்வரனின் கூட்டாளி கிளறிற்றாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒருக்காச் சொன்னன்."

"விக்கமுதல் அவர் ஏதும் எழுதித் தந்தவரோ?" என்றார் யோகேஸ்வரன்.

"ஓம். ஏட்டிலை உள்ளதை வரிக்கு வரி இங்கிலீசிலை எழுதிக் கையெழுத்தும் வைச்சவர்."

அவள் நீட்டிய நகலை அவர் இரண்டு முறை வாசித்தார்.

மறுநாள் காலை நூலகத்தில், இரு பெண்களும் உடனிருக்க, பிராங்க்ளினுக்கும் நூலகத் தலைவர் மெண்டெலுக்கும் முன்னால் யோகேஸ்வரன் அந்த நகலை வைத்தார்.

"அசலைப் பார்த்து எழுதியதுதானே?"

"ஆமாம்," என்றார் பிராங்க்ளின்.

"கடைசி வரியை வாசியுங்கள், மெண்டெல்."

"'வாரத்தின் ஏழாம் நாளில் என் கையால் எழுதினேன்...'" மெண்டெல் தாளிலிருந்து நிமிர்ந்தார். "ஏழாம் நாள் சனிக்கிழமை. ஓய்வு நாளில் இரண்டு எழுத்து எழுதினாலே எங்கள் சட்டத்தில் குற்றம். நான் தீர்ப்பை வாசித்தேன், தேதியைக் கவனிக்கவில்லை."

"ஊருக்குச் சட்டம் சொன்ன ரபி அன்று பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்," என்றார் யோகேஸ்வரன். "ஆகவே பிராங்க்ளின் பார்த்து எழுதிய ஏடே போலி. மெற்றில்டாவின் மேசைக்கு வருமுன்பே போலி."

மெண்டெல் மன்னிப்புக் கேட்டார். மெற்றில்டா தலையசைத்தாள். நிம்மதி வரும் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

"என்ன தீர்ப்பு அது?" என்றாள் கிளறிற்றா.

"கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் இல்லை," என்றார் மெண்டெல். "அவன் செத்ததைக் கண்டதாக ஒரே ஒருவன் சொன்னாலும் மனைவி மறுமணம் செய்யலாம். ஏடு பொய், சட்டம் மெய். வழக்கமாக இரண்டு சாட்சி வேண்டும். இந்தப் பெண்கள் சாகும்வரை காத்திருக்கக் கூடாதென்று ரபிகள் ஒருவனே போதும் என்றார்கள்."

வெளியே, பஸ் தரிப்பிடத்தில் மெற்றில்டா பேசினாள். "முள்ளிவாய்க்காலிலை என்ரை மனுசன் விழுந்ததைக் கண்டதெண்டு ஒராள் வந்து சொன்னவர் அண்ணை. நான் நம்பாமல் கலைச்சுவிட்டனான். அண்டைக்கு வந்து சொன்ன அந்த ஆளைத் தேடித்தர ஏலுமோ?"

யோகேஸ்வரன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "பேரைச் சொல்லுங்கோ."

இத்தனை வருடமாக வாய்விட்டுச் சொல்லாத அந்தச் சாட்சியின் பெயரை, ஊரும் தகப்பன் பெயருமாக, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாள் மெற்றில்டா.