கொஞ்சம் காத்து இருக்குதுங்களா

நீலாம்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் காற்று நின்றுவிட்டது. ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் அது நடக்கிற காரியமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று ஆடி முழுக்க ஊரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் ஓயும். கொடியில் காய்ந்த வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும், பேசுகிற பேச்சைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஈஸ்வரமூர்த்தி அதை நம்பித்தான் கணபதியில் இருக்கிற வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்திருந்தான். கிழக்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற காற்று அது. அந்தக் கையை யாரோ சட்டென்று எடுத்துக்கொண்டதுபோல் பெடல் கனத்தது. நிமிர்ந்து பார்த்தான். ரோட்டோரத்துப் பனை ஓலைகள் ஒன்றுகூட அசையவில்லை.

லாரிகளுக்குப் பயந்து அவன் மெயின் ரோட்டை விட்டு விலகி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் இறங்கியிருந்தான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பழகிய வழிதான்.

கணபதியின் பவுண்டரிப் புகை மகள் லோகப்பிரியாவின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, மனைவி சாந்தாமணி அவளைக் கூட்டிக்கொண்டு சோமனூர்ப் பக்கத்தில் தன் அப்பா ஊரிலேயே தங்கிவிட்டாள். வாரம் முழுக்க ஈஸ்வரமூர்த்தி தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தூங்குவதற்கு முன் சைக்கிள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டான். அந்த வீட்டில் அவன் தொட்டுப் பேச இருந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். பஸ்ஸில் போகலாமே என்று ஆபீசில் கேலி செய்வார்கள். பஸ்ஸில் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். சைக்கிளில் போனால் வழி முழுக்க மகளிடம் போய்க்கொண்டே இருக்கலாம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று சட்டைப் பையில் அவளுடைய மருந்து இருந்தது. வாயில் வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று நெஞ்சுக்குள் இறங்குகிற மருந்து. காலையில் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, பழசு தீர்ந்துவிட்டது, ராத்திரியெல்லாம் பாப்பாவுக்கு இழுப்பு என்று சாந்தாமணி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற மருந்துக்கடையைத் தேடி அலைந்ததில் மத்தியானம் ஓடிவிட்டது. லோகப்பிரியா அந்த மருந்துக்குக் குட்டிப் பம்பு என்று பேர் வைத்திருந்தாள். சைக்கிள் கம்பியில் மாட்டியிருக்கிற அப்பாவின் கைப்பம்பு பெரிய பம்பு. பொழுது சாய்கிற நேரத்தில் இட்டேரியில் வராதீங்க, காத்து கருப்பு ஏதாச்சும் அண்டிக்கும் என்று சாந்தாமணி சொல்லும்போதெல்லாம், பம்பு வெச்சிருக்கறவனைக் காத்து என்ன பண்ணும் என்று சிரிப்பான்.

திருப்பத்தில், வேப்பமரத்தடியில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வயதானவர். உருமால் துண்டைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்தார். சைக்கிள் பாரம் ஏற்றுகிற கறுப்பு வண்டி. இரண்டு டயரும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. ரப்பர் வெடித்து, காய்ந்த குளத்து மண்மாதிரி பாளம் பாளமாக இருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் காத்து இருக்குதுங்களா?"

சைக்கிள்காரனிடம் இப்படி யார் கேட்டாலும் நிற்காமல் போவது ஈஸ்வரமூர்த்தியால் முடியாது. மனசு மகளிடம் இருந்தது. கால் தானாகத் தரையில் ஊன்றியது.

"இருக்குதுங்க. நகருங்க, அடிச்சுப் பாக்கறேன்."

குந்தி உட்கார்ந்து பம்பைப் பொருத்தி அடித்தான். டயர் எழும்பவில்லை. எங்கேயாவது ஓட்டை இருந்தால் சீறுகிற சத்தம் கேட்க வேண்டும். காதை வைத்துக் கேட்டான். கேட்கவில்லை. அடித்த காற்று அத்தனையும் உள்ளே போனது, போய் எங்கேயோ இறங்கியது. தண்ணீர் இல்லாத கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. கை வலித்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. அந்த இட்டேரியில் கேட்ட ஒரே சத்தம் அவன் மூச்சுதான். அப்போதுதான் அதைக் கவனித்தான். பக்கத்தில் இத்தனை நெருங்கி நிற்கிறவரின் உருமால், மூக்குக்கு மேலே படிந்த இடத்தில், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"இது வெறுங்காத்துங்க. நிக்காதுங்க," என்றார் அவர்.

ஈஸ்வரமூர்த்திக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. பம்பை அவர் கையில் கொடுத்து எழுந்தான்.

"நீங்களே அடிச்சுக்குங்க. எம் பொண்ணுக்கு மூச்சுக்கு ஆகாம இருக்குதுங்க, நான் வெரசாப் போகோணும். பம்பு மெதுவா வரட்டுங்க. சோமனூருக்கு முந்தி, தறிக்குடோனை ஒட்டினாப்புல பச்சைக் கதவு போட்ட ஊடு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அப்ப ஊட்டுலயே வந்து எடுத்துக்கறேனுங்க."

"தாராளமா வாங்க. நம்ம ஊடுதானுங்க. காத்துக்கு என்னங்க, எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க."

வாய் தானாகச் சொன்னது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மரியாதை எச்சில் மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும், நினைத்தாலும் நிறுத்த முடியாது. அவர் தலையசைத்தார்.

"வாரேனுங்க."

விடைபெறுகிறவர்கள் சொல்கிற சொல்தானே. போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தான்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. காற்றில்லாத டயர் மண்ணில் அறைந்துகொண்டு உருள்கிற சத்தம். லொடக். லொடக். வேகமாக வருகிற சத்தமில்லை, அவசரமே இல்லாத சத்தம். திரும்பிப் பார்த்தான். வளைவும் கிளுவை வேலியும்தான் தெரிந்தன. அவன் மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றது. மிதித்தால் வந்தது. வெள்ளாடு மேய்க்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் என்று வாரா வாரம் யாராவது எதிர்ப்படுகிற வழி அது. இன்று ஒரு ஆள் இல்லை. சுட்ட மண்ணின் வாசனையோடு, நாள்பட்ட ரப்பர் வாசனை ஒன்று மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ரசாக் கூட வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். ஊட்டி வரைக்கும் கூடவே மிதித்து ஏறுகிற சிநேகிதன். தங்கை கல்யாணம் என்று இன்று வரவில்லை.

பிறகு சத்தம் நின்றது. நிம்மதியாக மூச்சுவிட வாயைத் திறந்தபோது அது மறுபடி கேட்டது. பக்கத்து இட்டேரியில். வேலிக்கு அந்தப் புறம். அவனைக் கடந்து, முன்னால்.

அது கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

எழுந்து நின்று மிதித்தான். பத்தடி போயிருக்க மாட்டான், பின் டயர் புஸ்ஸென்று அமுங்கியது. வேலாமுள். பையில் பஞ்சர் ஒட்டுகிற சாமான் எல்லாம் இருந்தது. பசை, ரப்பர்த் துண்டு, உப்புத்தாள். டியூபை உருவி ஒட்டினான். ஒட்டிவிட்டுப் பம்புக்காகக் கம்பியைத் தடவினான். கொக்கி காலியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் பம்பில்லாமல் அவன் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. அழுகை வந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். லொடக், லொடக். இப்போது அவன் சைக்கிளும் அந்தச் சத்தத்தையே போட்டது. சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். குட்டிப் பம்பு பத்திரமாக இருந்தது.

வாரேனுங்க.

ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சொல் திடீரென்று அதன் நேர் அர்த்தத்தில் கேட்டது. அவர் விடைபெறவில்லை. வருகிறேன் என்று சொன்னார். வா என்று இவன் சொன்னான். நம்ம வீடு என்றான். எவ்வளவு வேண்டுமானாலும் என்றான்.

ஊர் வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிகள் ஓடவில்லை. எப்போதும் தடதடவென்று பல்லைக் கூட ஆட்டுகிற குடோன் வாயடைத்துக் கிடந்தது. வீட்டு வேலியோரம் அந்தக் கறுப்பு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அவனுடைய பம்பு, பதவிசாக வேலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"ஏனுங்க இவ்வளவு நேரம்? உங்க சிநேகிதர் அப்பவே வந்துட்டாருங்க. நீங்க வரச் சொன்னதாச் சொன்னாரு."

"உள்ளே விட்டியா?"

"ஊடு தேடி வந்தவங்களை வாங்கன்னு சொல்லாம இருக்க முடியுங்களா? பாப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. பாவம், என்ன கைராசியோ, அவர் எந்திரிச்சப்ப இழுப்பு நின்னுபோச்சுங்க. சத்தமே இல்லாமத் தூங்குது. பொறகு ஆளை எங்கயும் காணோம்."

அவன் மருந்தை நீட்டினான்.

"தூங்கறதை எழுப்ப வேண்டாமுங்க. போர்த்தி விட்டுட்டு வாரேன்," என்று சொல்லி அவள் உள்ளே போனாள்.

ஈஸ்வரமூர்த்தி அந்தச் சைக்கிளிடம் போனான். டயரை அழுத்திப் பார்த்தான். வெடித்த பாளங்கள் எல்லாம் இறுகி மூடியிருந்தன. கல். தொட்ட விரலில் சூடு தெரிந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு.

குந்தி உட்கார்ந்தான். இந்தக் காற்றைத் திறந்து விட்டுவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தான். எங்கே போகும் என்று நினைக்கவில்லை. வால்வின் திருகைக் கழற்றினான்.

காற்று வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக. பாலும் தைலமும் கலந்த வாசனை. மெல்லிய சீட்டி ஒன்று அதற்குள் இழுத்து இழுத்துக் கேட்டது. கீ... கீ... எத்தனையோ ராத்திரி நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட சீட்டி. அது முடிகிற இடத்தில், அத்தனை சின்னதாக,

"அப்பா..."

கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

உள்ளே விளக்குப் போடுகிற சத்தம். "பாப்பா. கண்ணு, திரும்பிப் படு." கொஞ்சம் பொறுத்து, "கண்ணு?" பிறகு, "ஏனுங்க... ஏனுங்க, இங்க வாங்க..." பிறகு அந்த அலறல்.

போக வேண்டும். போனால் விரலை எடுக்க வேண்டும். இன்னொரு கையால் திருகைத் தேடினான். மண்ணில் எங்கேயோ விழுந்திருந்தது. இருட்டு. தடவினான். இல்லை.

மேற்கே பனை ஓலைகள் சலசலத்தன. நின்றுபோயிருந்த ஆடிக்காற்று மறுபடி கிளம்பி, காடு காடாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சாந்தாமணி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான்.

முழங்காலில் உரசிக்கொண்டிருந்த டயர், கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டிருந்தது.