எச்சில் நூல்

மர்பி டவுனில் இருந்த மங்களத்தின் வீட்டுக்கு யூனிஸ் போனபோது பிற்பகல் மூன்று மணி. மங்களத்தின் தலைத் திவசம் முடிந்த கையோடு மகள் தீபிகாவுக்கு முகூர்த்தம் வைத்திருந்தார்கள். தீபிகா ஒரு மெரூன் நிற சில்க் காட்டன் ரவிக்கைத் துணியை எடுத்து வந்து நீட்டினாள். முதுகுப் பக்கத்தில் பாதி மயில். சாகும்முன் மங்களம் கையால் தைத்தது.

"மீதியை நீங்க முடிச்சுக் குடுங்க ஆண்ட்டி. வியாழக்கிழமை மணையில உக்காரும்போது அம்மா கை என் முதுகுல இருக்கணும்."

"குடுக்கறேன்டி கண்ணு" என்றாள் யூனிஸ். துணியை விரல் நுனியால் மட்டும் வாங்கினாள்.

இருவரும் பதினோரு வருஷம் ஒரே சட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து எம்ப்ராய்டரி போட்டவர்கள். ஊசியில் கோக்க எல்லாரும் நூல் நுனியைத்தான் எச்சிலில் நனைப்பார்கள். மங்களமோ, பட்டு நூல் பிசிறக் கூடாதென்று, ஒரு முழ நூல் முழுவதையும் வெற்றிலை குதப்பிய நாக்கின் மேல் வைத்து இழுப்பாள். சொத்தைப் பல்லும் புகையிலையும் கலந்த அந்த வாடையில் யூனிஸுக்கு எத்தனையோ நாள் மதியச் சாப்பாடு இறங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து துணியைச் சட்டத்தில் கட்டினாள். தையலுக்குத் தையல் காய்ந்த எச்சில், விறைப்பாக, காவி நிறத்தில். அருவருப்புத் தாங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்று மயிலை அடியோடு பிரித்தாள். நூலைத் தெருக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். கிண்ணத்துத் தண்ணீரில் தன் நூலை நனைத்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் முழு மயிலையும் புதிதாகப் போட்டு முடித்தாள். சுத்தமான வேலை.

புதன்கிழமை காலை துணி ஈரமாக இருந்தது.

தொட்டாள். வழவழவென்று எச்சில் விரலில் இழையாக நீண்டது.

அவள் போட்ட மயில் அங்கே இல்லை. மங்களத்தின் குட்டையும் நெட்டையுமான தையல்தான் இருந்தது. பாதியல்ல, முழு மயில். புகையிலை வாடை அறையை அடைத்தது.

யூனிஸ் கத்தரியை எடுத்தாள். முதல் தையலைப் பிரிக்கையில் நாக்கின் அடியில் ஏதோ உறுத்தியது. முடி என்று நினைத்து விரலை விட்டு இழுத்தாள்.

பச்சை நூல்.

வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக, மென்ற வெற்றிலைத் துணுக்குகளோடு, ஒரு முழம், இரண்டு முழம். குமட்டிக் கண்ணீர் வழிய, உதட்டோரம் நறுக்கினாள். மிச்சம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பத்துத் தடவை வாய் கொப்பளித்தாள். பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஓடினாள்.

தீபிகா துணியை வாங்கியதுமே மயிலில் கன்னத்தை வைத்து அழுதாள். "அப்படியே அம்மா வேலை ஆண்ட்டி. எப்படித்தான் போட்டீங்களோ!"

"தீபு, அதை நான்..."

"இங்க மட்டும் முடிச்சுப் போடலை பாருங்க." மயிலின் கண்ணிலிருந்து பச்சை நூல் ஒன்று தொங்கியது. தீபிகா அதை விரலில் சுற்றி லேசாக இழுத்தாள்.

யூனிஸின் நாக்கு வெடுக்கென்று வெளியே வந்தது.

அவள் வேண்டாமென்று கத்தப் பார்த்தாள். வாயெல்லாம் வெற்றிலை எச்சில் ஊறியது. தீபிகா துணியை விட்டுத் தலை நிமிரவேயில்லை.

"கத்தரி எதுக்கு ஆண்ட்டி, அம்மா பல்லாலதானே கடிப்பாங்க" என்று சொல்லி, நூலைப் பல்லிடுக்கில் வைத்தாள்.